டிகிண்டர் ஸ்லைடரில் 12 வோல்ட் மோட்டார்: இதுவரை

ஆர்டுயினோ ஊனோ (சிறு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு), ஐஆர்எல்இசட்44என் மாஸ்ஃபெட் (மோட்டாருக்கான மின்னணு சுவிட்ச்), 12 வோல்ட் டிசி மோட்டார். கணினிப் பக்கம் பைத்தான், விண்டோவும் ஸ்லைடரும் வரைய டிகிண்டர், போர்டோடு பேச பைசீரியல். ஸ்லைடரை நகர்த்தினால் வேகம் மாற வேண்டும், அவ்வளவுதான் வேலை. மாஸ்ஃபெட்டின் கேட் (அதை இயக்கும் கால்) ஊனோவின் 9-ம் பின்னில்; மோட்டாருக்குக் குறுக்கே 1என்4007 டையோடு தலைகீழாக; இரண்டு சப்ளைக்கும் கிரவுண்ட் ஒன்றே. வயரிங்கில் இதற்கு மேல் பெரிதாக ஒன்றுமில்லை.

வில்லங்கம் பைத்தான் சீரியல் போர்ட்டைத் திறக்கும்போதே ஆரம்பிக்கிறது. சீரியல் இணைப்பின் டிடிஆர் என்ற சிக்னல் ஊனோவை ரீசெட் செய்துவிடும். போர்டில் முதலில் ஓடும் பூட்லோடர் என்ற சிறு நிரல் முடிய ஒன்றிரண்டு வினாடி ஆகும். அதற்குள் அனுப்பிய கட்டளை போன இடம் தெரியாது. பைத்தானில் ஸ்லீப் 2 போட்டு, அதாவது 2 வினாடி காத்திருந்து, சமாளிப்பவர்கள் உண்டு. அதைவிட, போர்டு நிரலின் தொடக்கப் பகுதியான செட்டப்பின் கடைசி வரியில் போர்டே ‘ரெடி’ என்று அனுப்பட்டும். அது வந்தபிறகு ஸ்லைடரை இயக்கத்துக்குக் கொண்டுவரலாம். ரீசெட் நேரத்தில் பின்கள் எல்லாம் இன்புட். கேட் அந்தரத்தில் தொங்குவதால் மோட்டார் தானாகத் துள்ளும். கேட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் கட்டாயம்.

அடுத்து, மோட்டார் ஒரு வினாடி ஓடிவிட்டு நின்றுபோவது. போர்டில் எண்ணை வாசிக்கும் பார்ஸ்இன்ட் என்ற ஃபங்ஷன் எண்ணை எடுத்துக்கொண்டு, வரிமுடிவுக் குறியைப் பஃபரிலேயே (வந்த எழுத்துகள் காத்திருக்கும் இடம்) விட்டுவிடுகிறது. அடுத்த சுற்றில், ஏதாவது வந்திருக்கிறதா என்று சொல்லும் அவைலபிள் ‘ஒரு எழுத்து இருக்கிறது’ என்கிறது. பார்ஸ்இன்ட் மறுபடி போய் 1000 மில்லிவினாடி காத்திருந்து, எண் கிடைக்காமல் 0 என்று திரும்புகிறது. மோட்டார் நிற்கிறது. வயரைப் பிடுங்கிப் பார்ப்பது வீண் வேலை. ரீட்பைட்ஸ்அன்டில் கொண்டு வரிமுடிவு வரை வாசித்து, கடைசியில் பூஜ்ய பைட்டை நாமே வைத்து, எழுத்துகளை எண்ணாக்கும் ஏடூஐக்குக் கொடுத்தால் சரியாகிவிடும்.

கணினியில் விண்டோ உறைந்து போனால் காரணம் பெரும்பாலும், ஒரு வரி வரும்வரை காத்திருக்கும் பைசீரியலின் ரீட்லைன்தான். பொத்தானின் ஃபங்ஷனுக்குள் அது காத்திருக்கும்வரை விண்டோவை இயக்கும் மெயின்லூப் நகராது. வாசிப்பைத் தனி த்ரெட்டில் (இணையாக ஓடும் பகுதி) வைத்து, வந்த வரியை க்யூவில் (வரிசையில்) போட வேண்டும். டிகிண்டரின் டைமரான ஆஃப்டர் மூலம் 50 மில்லிவினாடிக்கு ஒருமுறை விண்டோ அதை எடுத்துக்கொள்ளும். த்ரெட்டிலிருந்து விண்டோவின் லேபிளைத் தொடவே கூடாது.

ஸ்லைடர் அசையும் ஒவ்வொரு முறையும் அனுப்பினால் ஊனோவின் 64 பைட் பஃபர் வழியும், குறிப்பாக போர்டு நிரலின் லூப்பில் டிலே (காத்திருப்பு) இருந்தால். 200 என்பது 20 ஆகப் போய்ச் சேரும். அதனால் ஸ்லைடர் எதையும் அனுப்புவதில்லை; 100 மில்லிவினாடிக்கு ஒருமுறை டைமர் அப்போதைய மதிப்பை அனுப்புகிறது, மாறினாலும் மாறாவிட்டாலும். இதில் இன்னொரு லாபம்: 1 வினாடி எந்தக் கட்டளையும் வரவில்லையென்றால் போர்டு மோட்டாரை நிறுத்திவிடலாம். நிரல் பாதியில் செத்தால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்காது.

திரையில் தெரியும் வேகம் ஸ்லைடருடையது அல்ல, போர்டு திருப்பி அனுப்பியது.

பாக்கி இருப்பது, 490 ஹெர்ட்ஸ் பிடபிள்யூஎம்மின் (மின்சாரத்தை வேகமாகத் திறந்து மூடி வேகத்தை மாற்றும் முறை) கீச்சுச் சத்தம். 9-ம் பின்னை இயக்கும் டைமர் 1-இன் பிரீஸ்கேலரை (கடிகார வேகத்தை வகுக்கும் எண்) 1 ஆக்கினால் 31 கிலோ ஹெர்ட்ஸுக்குப் போய்விடும். நேரம் கணக்கிடும் மில்லிஸ் டைமர் 0-வில் இருப்பதால் கெடாது. மாஸ்ஃபெட் கூடுதலாகச் சூடாகும், அதைப் பார்க்க வேண்டும்.