எக்ஸ்ரே உறையின் நிழல்

இன்று காலை ஆற்காடு சாலையில், ஹாரனில் விரல் வைத்தபடி நின்றேன்.

முன்னால் ஒரு முதியவர் தன் மனைவியைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனார். வைத்தியத்துக்காக வெகுதொலைவிலிருந்து வந்தவர்கள் போலும். பெரிய எக்ஸ்ரே உறையை அந்த அம்மாவின் தலைக்கு மேல் பிடித்திருந்தார். வேலூர் வெயில் முழுதும் அவருடைய வழுக்கைத் தலையில். அந்த அம்மா ஓர் அடி வைப்பார், நிற்பார். இவரும் நிற்பார். நிழல் அவர் முகத்தை விட்டு விலகவே இல்லை.

விரலை எடுத்துவிட்டேன்.

வேதாகமத்தில் மாற்கு சுவிசேஷத்தின் 5-ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. ஜெப ஆலயத் தலைவர் யவீருவின் 12 வயது மகள் சாகக் கிடக்கிறாள். அதைவிட அவசரம் உண்டா? அவளைக் குணமாக்கப் போகும் வழியில்தான் இயேசு நிற்கிறார். 12 வருடம் நோயோடு அலைந்த ஒரு பெண் அவருடைய வஸ்திரத்தைத் தொட்டதற்காக! அவள் எல்லாவற்றையும் சொல்லும்வரை கேட்கிறார்.

சிறு வயதிலிருந்து கேட்ட பகுதி. அவர் நின்றதை இன்றுதான் பார்த்தேன்.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து நாட்களில் இறைச்சியை விட்டிருக்கிறேன். அவசரத்தை ஒருநாளும் விட்டதில்லை.

மாலையில் கோட்டை அகழியோரம் வண்டியை நிறுத்தி அம்மாவை அழைத்தேன். முழங்கால் வலியை முதலிலிருந்து சொன்னார். குறுக்கிடாமல் கேட்டேன்.