நொந்தே, யொந்தே, ஷிந்தே

டோக்கியோவில் நிஷிகசாய் பக்கம் குடிவந்த பிறகு, ஜப்பானிய வினைச்சொற்களை நான் அதிகம் கேட்பது மகளின் குழந்தைகள் காப்பக வாசலில்தான். ஆசிரியைகள் காலையில் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். நுஇதே என்றால் ஷூவைக் கழற்று. அரத்தே என்றால் கையைக் கழுவு. நரந்தே, வரிசையில் நில். மத்தே, கொஞ்சம் பொறு. எல்லாம் ‘தே’யில் முடியும். ஆனால் அந்தத் ‘தே’க்கு முன்னால் இருப்பது ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி.

வகுப்பில் இதற்கு ஓர் அட்டவணை தருவார்கள். வினைச்சொல் உ, ட்சு, ரு என்று முடிந்தால் ‘த்தே’. மு, பு, நு என்றால் ‘ந்தே’. கு என்றால் ‘இதே’. இகு (போ) மட்டும் விதிவிலக்காக இத்தே. பலர் இதை மெட்டுப் போட்டுப் பாடி மனப்பாடம் செய்கிறார்கள். அட்டவணை சரிதான். ஆனால் அதை மட்டும் பார்த்தால், யாரோ வேண்டுமென்றே சிக்கலாக்கி வைத்தது போலத் தோன்றும்.

பழைய ஜப்பானியத்தில் இவை ஒழுங்காகத்தான் இருந்தன. நொமு (குடி) நொமிதே ஆனது, யொபு (கூப்பிடு) யொபிதே ஆனது, ககு (எழுது) ககிதே ஆனது. பேசிப் பேசித் தேய்ந்து, ஹெய்யான் காலத்திலிருந்து (சுமார் 9–12ஆம் நூற்றாண்டு) நொந்தே, யொந்தே, கைதே என்று மாறின. பழைய வடிவம் தொலைந்துபோகவும் இல்லை. மரியாதையாகச் சொல்லும் நொமிமஸ், ககிமஸ் இரண்டிலும் அந்த ‘மி’யும் ‘கி’யும் இன்றும் அப்படியே இருக்கின்றன.

நமக்கு இது பழகிய சங்கதி. அழு என்பது அழுது ஆகிறது, விழு என்பது விழுந்து ஆகிறது. நில் என்றால் நின்று, கல் என்றால் கற்று, சொல் என்றால் சொல்லி. நாம் எந்த அட்டவணையும் பார்த்துப் பேசுவதில்லை. இன்னொன்றும் உண்டு: ‘விழுந்து’ என்பதில் மெல்லினத்துக்குப் பின் வரும் ‘து’ எப்படி மென்மையாகிறதோ, அப்படியேதான் நொந்தேயின் ‘தே’யும் மென்மையாகிறது. தமிழ் வாய்க்கு அது தானாக வந்துவிடுகிறது.

‘நு’வில் முடியும் வினை இன்றைய ஜப்பானியத்தில் ஒன்றே ஒன்றுதான்: ஷினு, அதாவது செத்துப்போ. ‘தே’ சேர்ந்தால் ஷிந்தே. ஜப்பானியக் குழந்தைகளே அதைச் சில காலம் ‘ஷிமு’ என்கிறார்கள். ஆகஸ்டில் பூங்காவில் கீழே கிடந்த சிள்வண்டைப் பார்த்து, மகளின் தோழி ஒருத்தி “ஷிமு?” என்று அம்மாவைக் கேட்டாள். நொந்தேக்கு நொமு என்றால் ஷிந்தேக்கு ஷிமுதானே! அவ்வளவு சின்ன வயதில் எவ்வளவு சரியான கணக்கு.

அப்புறம், ‘கிரு’. வெட்டு என்பதும் கிரு, உடுத்து என்பதும் கிரு. சலூனில் சொல்ல வேண்டியது கித்-தே, நடுவில் ஒரு நொடி நிறுத்தி. துணிக்கடையில் கி-தே, நிறுத்தம் இல்லை. நம்மிடம் வை என்ற ஒரே சொல் வைது, வைத்து என்று இரண்டாகப் பிரிகிறதே, அதே கதை. எந்த வகை என்று பார்க்க ஜப்பானியப் பள்ளிகளில் எதிர்மறையான ‘நை’யைச் சேர்க்கச் சொல்வார்கள்: கிரநை என்றால் வெட்டமாட்டேன், கிநை என்றால் உடுத்தமாட்டேன். வெளிநாட்டவருக்கான புத்தகங்கள் சொல்லும் முதல் குழு, இரண்டாம் குழு என்ற பெயர்களைவிட எனக்கு இதுதான் உதவுகிறது. புது வினை எதுவானாலும் கிரு, கிரநை, கித்-தே என்று மூன்றையும் சேர்த்தே நோட்டில் எழுதுகிறேன்.

இந்த வகைகளை ஒழுங்குபடுத்தியவர்களில் முக்கியமானவர் மட்சுசகாவைச் சேர்ந்த மொத்தோரி ஹருநிவா. முப்பதுகளில் பார்வையை இழந்தவர். வீட்டார் எழுதித்தர, அவர் முடித்த நூல் 1808இல் வெளிவந்தது. கண் தெரியாத ஒருவர் சொற்களை மனதிலேயே அடுக்கிப் பார்த்திருக்கிறார் என்று நினைக்கும்போது மனம் நெகிழ்கிறது.

தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று ஜப்பானிய மொழியறிஞர் ஓனோ சுசுமு வாதிட்டதை நம்மவர்கள் அடிக்கடி எடுத்துச் சொல்வார்கள். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இல்லாவிட்டாலும், ‘தே’ கைவந்த பிறகு வாக்கியம் நம் வழியிலேயே ஓடுகிறது. தபெதே மிரு, சாப்பிட்டுப் பார். கத்தே ஒகு, வாங்கி வை. கத்தே குரு, வாங்கி வா. தபெதே ஷிமாவு என்பது சாப்பிட்டுவிடு. பேச்சில் அதுவும் சுருங்கித் தபெச்சாவு ஆகிவிடுகிறது, நாம் சாப்பிட்டுடு என்கிற மாதிரி. மகள் காப்பகத்தில் “தபெச்சத்தா!” என்கிறாள், வீட்டுக்கு வந்து “சாப்ட்டுட்டேன்!” என்கிறாள்.