சுமத்ராச் சிரிப்பானை வாட்டர்கலரில் வரைகிறேன்

சுமத்ராச் சிரிப்பான் என்ற பறவை ஒரு வழியாகத் தாளில் உருவம் பிடித்துவிட்டது. தலை, கொண்டை, மார்பு எல்லாம் வெள்ளை, கண்ணை மூடிக் கருப்புப் பட்டை, மீதி உடம்பு கருமை கலந்த பழுப்பு. சுமத்ரா மலைக்காடுகளைத் தவிர வேறெங்கும் இயற்கையாக இல்லாத பறவை.

உட்காரும் விதம், கழுத்தைத் திருப்பும் விதம் பழக நான் சுமத்ரா போகவில்லை, சிங்கப்பூரில் இருக்கும் புக்கிட் பாத்தோக் இயற்கைப் பூங்காவுக்குத்தான் போனேன். அங்கே ஒன்று ஆரம்பித்தால் கூட்டமே சேர்ந்து கெக்கலிக்கும் வெள்ளைக்கொண்டைச் சிரிப்பான் இதற்கு நெருங்கிய சொந்தம், ஒரு காலத்தில் இரண்டையும் ஒரே இனமாகத்தான் கணக்கெடுத்தார்கள். உடம்பு மட்டும் செம்பழுப்பு. சருகைக் கிளறி வீசிக்கொண்டே இருப்பதால் பென்சிலை வேகமாக ஓட்ட வேண்டும். அது சிங்கப்பூர்ப் பறவையே இல்லை. கூண்டில் வந்து, தப்பியோ விடப்பட்டோ இங்கே பெருகிவிட்டது. அதே கூண்டு வியாபாரம்தான் சுமத்ராவில் இருப்பதைப் பிடித்துப் பிடித்துக் காலி செய்கிறது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐயுசிஎன்) பட்டியலில் சுமத்ராச் சிரிப்பான் இப்போது அருகிவரும் இனம். 2015இல் ஆசியப் பாட்டுப் பறவைகளுக்காகச் சிங்கப்பூரிலேயே கூடிப் பேசினார்கள், அதில் இதன் பெயரும் அடிபட்டது.

சரி, வண்ணத்துக்கு வருவோம். கருப்பு ட்யூபைத் தொடவே வேண்டாம், அடித்தால் இறகு தார் பூசியது மாதிரி செத்துக் கிடக்கும். பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பில் அல்ட்ராமரைன் நீலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தால் அந்தப் பழுப்புக் கருமை கிடைக்கிறது, முதுகில் நீலத்தைக் கூட்டி, வயிற்றில் அம்பரைக் கூட்டினேன், முதல் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. வெள்ளைக்கு வண்ணமே இல்லை, தாளை அப்படியே விட்டு, பின்னால் இலைகளைக் கரும்பச்சையில் இழுத்தேன், கொண்டை தானாக வெளியே வந்தது. கன்னத்துக்குக் கீழே மட்டும் தண்ணீர் மாதிரி மெல்லிய சாம்பல் நீலம். வெள்ளையாக விட வேண்டிய இடத்தில் வண்ணம் படாமல் மூடிவைக்கும் மாஸ்கிங் திரவம் எனக்கு ஒத்துவராது, உரிக்கும்போது தாளின் தோலும் சேர்ந்து வருகிறது.

தொல்லை கண்தான். கருப்புப் பட்டைக்குள் கருங்கண், எங்கே என்றே தெரியவில்லை. பட்டையை ஒரு படி வெளிறவிட்டு, கண்ணில் வெள்ளை ஜெல் பேனாவால் ஒரு புள்ளி வைத்ததும் பறவை பார்க்க ஆரம்பித்தது.

ஒற்றையாக நிற்பதுதான் இன்னும் உறுத்துகிறது, இவை கூட்டமாகத் திரிகிற ஜாதி, வலை விரித்தால் மொத்தமாகச் சிக்குவதும் அதனால்தான். அடுத்ததில் நாலைந்தை ஒரே கிளையில் உட்கார வைக்கப் பார்க்கிறேன். அதற்கு ஏ3 தாள் வேண்டும், தடிமனான 300 ஜிஎஸ்எம், சிங்கப்பூர் பிரஸ் பாசா காம்ப்ளெக்ஸ் கடைப்பக்கம் போகும்போது வாங்கணும்.