அரை மணி நேரத்தில் மூச்சடைத்த புது வண்டி: ஒரு சர்வீஸ் அலைச்சல்

புதிதாக வாங்கிய ஆஃப்-ரோடு மோட்டார் சைக்கிள் ஓடத் தொடங்கிய அரை மணி நேரத்தில் திணறி நின்றுவிடுவதும், சற்று நேரம் காத்திருந்தால் ஒன்றுமே நடவாததுபோல் மீண்டும் கிளம்புவதுமாக என்னை அலைக்கழித்த தொல்லை ஒருவழியாகத் தீர்ந்திருக்கிறது. பழுது மிகச் சிறியது. அதைச் சர்வீஸ் மையத்தாரின் கண்ணில் காட்டுவதற்குள் பட்ட பாடுதான் பெரியது. காரைக்குடிப் பக்கம் இருக்கும் எனக்கு அந்த நிறுவனத்தின் சர்வீஸ் மையம் என்றால் மதுரை அல்லது திருச்சி; எந்தத் திசையில் போனாலும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். ஆகவே ஒவ்வொரு "கொண்டு வாங்க சார், பாத்துடலாம்" என்பதற்கும் ஒரு முழுநாள் போய்விடும். வண்டியின் பெயரையும் விற்றவரின் பெயரையும் தவிர்க்கிறேன். ஒற்றை சிலிண்டரும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனும் உள்ள எந்த வண்டிக்காரருக்கும் இது பயன்படலாம்.

முன்பதிவு, பதிவெண், காப்பீடு எல்லாம் சிக்கலின்றி முடிந்தன. டெலிவரிக்கு முன் ஷோரூமிலேயே இரண்டு ஃபாக் லாம்ப் பொருத்தித் தரச் சொல்லி, அதற்குத் தனி பில்லும் வாங்கினேன். அந்த பில்லைப் பத்திரமாக வைத்திருந்தது பின்னால் கைகொடுத்தது.

பள்ளத்தூரைத் தாண்டிய ஒரு கண்மாய்க் கரையில் வண்டி முதன்முறையாக நின்றது. நின்ற விதத்தைக் கவனித்தவர்களுக்கு அதிலேயே பாதி விடை இருக்கிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் சட்டென்று நிற்கவில்லை. முதலில் திராட்டிலைத் திருகினால் வேகம் ஏறாமல் இழுத்தது. பிறகு விட்டுவிட்டு இருமியது. கியரைக் குறைத்தபோது சில நொடிகள் சமாளித்து, அதன்பின் அடங்கியது. மீட்டர் விளக்குகள் எல்லாம் எரிந்தன, ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியது, செக் என்ஜின் விளக்கு மட்டும் கடைசிவரை எரியவேயில்லை. சட்டென்று அறுந்ததுபோல் நின்றால் மின்சாரப் பக்கம் சந்தேகப்பட வேண்டும்: சைடு ஸ்டாண்டு சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், வண்டி சாய்ந்தால் என்ஜினை நிறுத்தும் சென்சார், தளர்ந்த பேட்டரி முனை ஆகியவை. திணறித் திணறி நின்றால் எரிபொருள் பக்கம். இதை நான் முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்பதற்குத்தான் ஆளில்லை.

சாலையோர உதவி எண்ணை அழைத்தபோது, மறுமுனையில் பேசிய பெண் அருகில் உள்ள அடையாளத்தைக் கேட்டார். அய்யனார் கோயில் என்றேன். எந்த அய்யனார் கோயில் என்று கேட்டார். செட்டிநாட்டில் கண்மாய்க்கு ஓர் அய்யனார் உண்டு என்பதை எப்படி விளக்குவது? இருக்குமிடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிறகு, இழுவை வண்டி தார்ச்சாலை வரைதான் வரும், அதுவரை வாகனத்தை நீங்களே கொண்டு வர வேண்டும் என்று அறிவித்தார். மண்பாதைக்கென்றே விற்கப்படும் வண்டிக்கு உதவி மட்டும் தார்ச்சாலையில்தான் கிடைக்குமாம். நான் தள்ளத் தொடங்குவதற்குள் வண்டி தானாகவே ஸ்டார்ட் ஆகிவிட்டதால் அந்தச் சேவையைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு அமையவில்லை.

மதுரையில் சர்வீஸ் ஆலோசகர் நான் சொன்னதில் பாதியைக் கேட்டுவிட்டு, ஜாப் கார்டில் "என்ஜின் ஆஃப் ஆகிறது, பார்க்கவும்" என்று எழுதினார். ஸ்கேனரைச் செருகினார்கள். பழுதுக் குறியீடு எதுவும் இல்லை. அடுத்த பத்து நிமிடத்திற்கு வளாகத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் ஓட்டிவிட்டு வந்து, கோளாறு ஏதும் இல்லை என்று முடித்தார்கள். கணினி சும்மா இருந்ததன் காரணம் எனக்குப் பின்னர்தான் விளங்கியது. கிராங்க் சுழற்சி, திராட்டிலின் திறப்பு, உள்ளே போகும் காற்றின் அழுத்தம், என்ஜின் வெப்பம், புகைபோக்கியில் உள்ள ஆக்சிஜன் போன்றவற்றைத்தான் இத்தகைய வண்டிகளின் சென்சார்கள் அளக்கின்றன. டேங்கிற்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க என் வண்டியில் எந்தச் சென்சாரும் கிடையாது. ஆகவே "ஸ்கேனரில் ஒன்றுமில்லை" என்றால், ஸ்கேனருக்குத் தெரிந்த இடங்களில் ஒன்றுமில்லை என்று மட்டுமே பொருள் கொள்ள வேண்டும்.

காரைக்குடிக்குத் திரும்பும் வழியில் திருப்பத்தூரைத் தொடும் முன்பே வண்டி மீண்டும் நின்றது.

அடுத்தடுத்த முறைகளில் மூன்று குற்றவாளிகளை அவர்கள் கண்டுபிடித்தார்கள். முதலாவது சைடு ஸ்டாண்டு சுவிட்ச். சேறும் தூசியும் ஏறினால் அது கோளாறு செய்வது உண்மைதான்; ஆனால் அப்படி நின்றால் சட்டென்று நிற்கும் என்று நான் சொன்னதைப் பொருட்படுத்தாமல் மாற்றினார்கள். உத்தரவாதத்தில் வந்ததால் செலவில்லை, பயனும் இல்லை. இரண்டாவது பெட்ரோல். "உங்க ஊர் பங்க்ல தண்ணி கலந்திருக்கும் சார்" என்று ஆலோசகர் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. ஊர்மேல் உள்ள பற்று ஒரு காரணம் என்றாலும் அது மட்டுமே காரணம் அல்ல. கலப்பட எரிபொருள் என்று ஜாப் கார்டில் ஒருமுறை ஏறிவிட்டால், பிறகு ஃப்யூயல் பம்பும் இன்ஜெக்டரும் உத்தரவாதத்திற்கு வெளியே தள்ளப்படும். ஆகவே டேங்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து, அவர்கள் மேசைமீதே நெடுநேரம் வைத்தேன். இருபது சதவீத எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலில் சிறிதளவு தண்ணீர் கரைந்துவிடும். அளவு மீறினால் எத்தனாலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு தனி அடுக்காக அடியில் தங்கும். பாட்டிலின் அடியில் எதுவும் தங்கவில்லை. பெட்ரோல் போடும்போது ரசீது வாங்கி வைப்பதும், சந்தேகம் இருந்தால் பங்கிலேயே வடிகட்டித் தாள் சோதனை செய்து காட்டச் சொல்வதும் நல்லது. கேட்டால் செய்து காட்ட வேண்டியது அவர்கள் கடமை.

மூன்றாவது குற்றவாளி நான். ஏர் ஃபில்டரைக் கழற்றி, அதில் படிந்திருந்த செம்மண்ணைக் காட்டி, "நீங்க மண்ரோட்டுல ரொம்ப ஓட்டியிருக்கீங்க, இது வாரண்டியில வராது" என்றார்கள். சுவரில் அதே வண்டி மணல்மேட்டிலிருந்து அந்தரத்தில் பறக்கும் விளம்பரப் படம் தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சுட்டிக்காட்டினேன், ஆலோசகர் படத்தைப் பார்த்தார், பேசவில்லை. உத்தரவாதக் கையேட்டை அங்கேயே பிரித்துப் படித்தோம். பந்தயத்தில் ஓட்டினால் உத்தரவாதம் செல்லாது என்றிருந்தது. மண்பாதை என்ற பேச்சே அதில் இல்லை. நம் பகுதியின் புழுதி ஃபில்டரை விரைவில் அடைக்கும் என்பது மெய்தான், குறித்த கிலோமீட்டருக்கு முன்பே அதைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதும் மெய்தான். ஆனால் ஃபில்டர் அடைத்தால் கிளம்பியதிலிருந்தே இழுவை குறையும். அரை மணி நேரம் பாய்ந்து ஓடிவிட்டுப் பிறகு நிற்காது. எப்படியோ ஃபில்டரோடு ஸ்பார்க் பிளக்கையும் மாற்றி, இரண்டுக்கும் என்னிடம் பணம் வாங்கிக்கொண்டார்கள். அன்று வண்டியை இரவு அங்கேயே விட்டுவிட்டு, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு மாட்டுத்தாவணியிலிருந்து பேருந்தில் ஊர் திரும்பினேன். பக்கத்து இருக்கைக்காரர் வண்டி எங்கே என்று கேட்டதைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.

திருப்பம் காரைக்குடியிலேயே கிடைத்தது. டி.வி.எஸ். 50 வண்டிகளைப் பழுதுபார்த்தே தலை நரைத்த மெக்கானிக் ஒருவரிடம், கைவைக்க வேண்டாம், கேட்டுக்கொண்டால் போதும் என்று சொல்லி முழுக்கதையையும் விவரித்தேன். அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "நிக்கும்போது டேங்கு மூடியத் தொறந்து பாத்தீங்களா தம்பி?"

விளக்கமும் அவரே சொன்னார். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்ப டேங்கிற்குள் காற்று போக வேண்டும். அந்த வழி அடைபட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்பினால் பெட்ரோலைத் தள்ள முடியாமல் போகும். மேல் ஓட்டையை விரலால் மூடிய கூஜாவிலிருந்து நீர் இறங்காது நிற்பதுபோல. பழைய வண்டிகளில் மூடியிலேயே ஒரு துளை இருந்தது. இப்போதைய வண்டிகளில் பெட்ரோல் ஆவி வெளியே போகக்கூடாது என்பதால், அது டேங்கிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாய் வழியாகக் கரித்தூள் நிரம்பிய கேனிஸ்டருக்குப் போய், அங்கிருந்து என்ஜினுக்குள் இழுக்கப்படுகிறது. என் வண்டியில் டேங்கிற்குள் காற்று வருவதற்கும் அந்தக் குழாயை விட்டால் வேறு வழியில்லை.

இதைக் கேட்டவுடன் அதுவரை பொருந்தாமல் கிடந்தவை யாவும் வரிசையாகப் பொருந்தின. காத்திருந்தால் வண்டி கிளம்பியது என்ஜின் ஆறியதால் அல்ல, குழாயின் மிச்ச இடுக்கு வழியாகக் காற்று மெல்லக் கசிந்து உள்ளே வந்ததால். டேங்க் நிரம்பியிருக்கும்போது சீக்கிரம் நின்றதும் அதனால்தான். உள்ளே காற்றுக்கு இடம் குறைவாக இருந்தால், சிறிதளவு பெட்ரோல் குறைந்தாலும் வெற்றிடம் வலுவாக ஏற்படும். மதுரையில் ஒருபோதும் நிற்காததற்கும் காரணம் கிடைத்தது. "பெட்ரோல் கம்மியா வச்சுக் கொண்டு வாங்க" என்பார்கள். சோதனை ஓட்டத்துக்கு முன் மூடியைத் திறந்து அளவு பார்ப்பார்கள். பத்து நிமிடத்தில் திரும்பிவிடுவார்கள். நோயைக் குணப்படுத்திவிட்டு நோய் இல்லை என்று எழுதித் தந்திருக்கிறார்கள்.

நிரூபிக்க இரண்டு எதிரெதிர்ச் சோதனைகள் செய்தேன். டேங்கை நிரப்பிக்கொண்டு திருமயம் சாலையில் போய், வண்டி நின்றதும் கைபேசியில் படம் பிடித்தபடி மூடியைத் திறந்தேன். புஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்த ஓசை தெளிவாகப் பதிவானது. ஸ்டார்ட்டரைத் தொட்டதும் என்ஜின் எழுந்தது. மீண்டும் ஓட்டி, மீண்டும் நின்றதும், இம்முறை மூடியைத் தொடாமல் அதே அளவு நேரம் காத்திருந்து முயன்றேன், எழவில்லை. ஓர் எச்சரிக்கை: சூடான என்ஜினுக்கு மேல் மூடியைத் திறக்கிறோம் என்பதால் நிழலில், காற்றோட்டமான இடத்தில், சாவியை அணைத்துவிட்டுத் திறக்க வேண்டும். மூடியைத் தளர்த்தி வைத்துக்கொண்டே ஓட்டிப் பார்க்கச் சிலர் யோசனை சொன்னார்கள். பள்ளத்தில் இறங்கினால் பெட்ரோல் தெறித்து மடியில் கொட்டும், அதைச் செய்யாதீர்கள்.

டேங்கைத் தூக்கிக் குழாயைச் சரிசெய்ய அந்த மெக்கானிக்கிற்கு வெகுநேரம் ஆகியிருக்காது. ஆயினும் வெளியாள் திறந்தார் என்ற காரணம் அவர்களுக்குக் கிடைத்துவிடக்கூடாது என்று அவரே தடுத்துவிட்டார்.

இம்முறை மதுரையில் ஜாப் கார்டு எழுதும்போது ஆலோசகரின் பக்கத்திலேயே நின்றேன். "டேங்க் முழுவதும் நிரப்பி, மூடியைத் திறக்காமல், நிறுத்தாமல் முக்கால் மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும், நின்றதும் மூடியைத் திறந்து ஓசையைக் கேட்க வேண்டும்" என்று நான் சொல்லச் சொல்ல, அவர் அதைச் சுருக்கி எழுத முயன்றார். முழுமையாக எழுதினால்தான் கையெழுத்திடுவேன் என்று மறுத்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 என்பதும், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நான் வசிக்கும் சிவகங்கை மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பதும் எனக்குத் தெரியும் என்று குரலை உயர்த்தாமல் குறிப்பிட்டேன். எழுதினார்.

அழகர்கோவில் சாலையில் ஓட்டிப் பார்க்கப் போன இளம் டெக்னீசியன் அங்கிருந்து ஆலோசகரைக் கைபேசியில் அழைத்து, "சார், வண்டி நின்னுருச்சு" என்று சொன்னதை மேசைக்கு இப்பாலிருந்து கேட்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க முயலவில்லை.

டேங்கைத் தூக்கியதும் எல்லாம் வெட்டவெளிச்சமாயிற்று. ஃபாக் லாம்ப்பின் வயர்க்கட்டை வண்டியின் இரும்புச் சட்டகத்தின் மேல் கொண்டுபோய்க் கட்டியிருந்தார்கள். டேங்கின் பின்புறம் அதன்மேல் அமர்ந்ததில், இடையில் சிக்கிய காற்றுக்குழாய் தட்டையாக நசுங்கிக் கிடந்தது. குழாயை மாற்றி, வயர்க்கட்டை வேறு வழியில் கொண்டுபோனார்கள். கூடுதல் விளக்கு பொருத்தியதால் வந்த பழுது உத்தரவாதத்தில் சேராது என்று ஒரு பில்லை நீட்டினார்கள். விளக்கைப் பொருத்தியது அவர்கள் ஷோரூம்தான் என்பதற்கான பில்லை நானும் நீட்டினேன். அவர்களுடையது திரும்பிப் போனது.

புது வண்டியில் ஹாரன், விளக்கு, சார்ஜர் என எது பொருத்தினாலும், வேலை முடிந்ததும் டேங்கின் அடியில் குழாய்கள் எப்படிப் போகின்றன என்று பார்த்துவிட்டு, படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் போடும்போது, நாசில் தானாக நின்ற பிறகும் விளிம்புவரை நிரப்பச் சொல்லாதீர்கள். வழியும் பெட்ரோல் கேனிஸ்டருக்குள் இறங்கினால் அது வேறொரு தலைவலி. தேவையின்றி மாற்றிய பிளக்குக்கும் ஃபில்டருக்கும் வாங்கிய பணத்தை அடுத்த சர்வீஸில் கழித்துக்கொள்வதாக வாயால் சொன்னார்கள். அதையும் ஜாப் கார்டின் பின்பக்கத்தில் எழுதி, முத்திரையிடச் செய்த பிறகே வண்டியை எடுத்தேன்.