பிரமோதூத தை: ஒரு தேதியில் மூன்று மாத உழைப்பு போனது

மேலாண்மைத் துறையில் பிஎச்டி செய்கிறேன். 1930 வாக்கில் பர்மாவில் வட்டிக்கடை நடத்திய ஏஜெண்டை, செட்டியார் முதலாளி செட்டிநாட்டில் இருந்துகொண்டே எப்படிக் கட்டுக்குள் வைத்திருந்தார் என்பதுதான் தலைப்பு. சம்பளச்சீட்டு (ஏஜெண்டின் வேலை ஒப்பந்தம்), மூன்று வருஷக் கணக்கு முடிந்து ஆள் மாறும் ஏற்பாடு, அங்கிருந்து வந்த கணக்கு நகல்கள், கடிதங்கள் எல்லாம் தரவு. பேட்டி எடுக்க அந்தக் காலத்து ஆட்கள் யாரும் இல்லை. ஆனாலும் பல்கலைக்கழக ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து விண்ணப்பம் இரண்டு தடவை திரும்பி வந்தது, வினாத்தாள் இணைக்கவில்லை, மாதிரி அளவு எழுதவில்லை என்று. மூன்றாவது தடவை, எந்தக் கட்டில் எந்த வருஷத்துத் தாள் இருக்கிறது, அது நம்பத்தக்கதா என்பதை எதை வைத்துச் சரிபார்ப்பேன் என்று இரண்டு பக்கப் பட்டியல் வைத்தேன். அப்புறம்தான் நகர்ந்தது. நீங்கள் முதல் தடவையே அதை வைத்துவிடுங்கள்.

அடுத்தது சாவி. கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீடு. "வா தம்பி, பெட்டி இருக்கு" என்று ஆச்சி போனில் சொன்னதை நம்பி சென்னையிலிருந்து ராத்திரி பஸ் ஏறினேன். பழைய தாள்கள் இருந்த பெட்டி இருந்தது உண்மை. ஆனால் வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தைச் சுற்றி, ஒவ்வொரு பங்காளிக்கும் தனி அறை, தனிப் பூட்டு. பெட்டி இருந்த அறையின் சாவி கோயம்புத்தூரில். முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு அன்று சாயங்காலமே திரும்பினேன். "படைப்புக்கு எல்லாரும் வருவாக, அப்ப வா" என்றார் ஆச்சி. படைப்பு என்பது பங்காளிகள் கூடி முன்னோருக்குப் படைக்கும் நாள். நான்கு மாதம் கழித்துப் படைப்பன்று போனேன், பத்து நிமிஷத்தில் திறந்தார்கள். சாவி யார் கையில் என்று கேட்காமல் டிக்கெட் போடாதீர்கள்.

பழைய கணக்கு எழுத்து பழக எட்டு நாள் ஆனது. ஓய்வுபெற்ற கணக்குப்பிள்ளை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். ஏழைக் குறிக்கும் ௭ பார்க்க எ மாதிரியே இருக்கும், எட்டைக் குறிக்கும் ௮ அ மாதிரி. பற்றுக்கு ௶, வரவுக்கு ௷. அவசரக் கையெழுத்தில் இந்த இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தால் கீழே கூட்டுத்தொகையைப் பாருங்கள், அது காட்டிக்கொடுத்துவிடும்.

என்னை உண்மையில் அடித்தது தேதி. முதலாளி ஏஜெண்டுக்கு எழுதிய ஒரு கடிதம், மேலே பிள்ளையார் சுழி, ஓரமெல்லாம் கரையான் அரித்தது. பிரமோதூத வருஷம் தை மாதம். புதுக் கடன் நிறுத்து, நிலுவையை வசூல் பண்ணு என்று சாரம். தமிழ் வருஷ அட்டவணையில் பிரமோதூத என்றால் 1930 என்று இருந்தது, அப்படியே 1930 ஜனவரி என்று குறித்துக்கொண்டேன். பர்மாவில் நெல் விலை விழுந்தது 1930 கடைசியில். அப்படியானால் இந்த முதலாளி ஒரு வருஷம் முன்னாலேயே ஆபத்தை மோப்பம் பிடித்துவிட்டார்! அந்த முன்யோசனையை வைத்தே ஒரு அத்தியாயம் எழுதி முடித்தேன்.

மூன்று மாதம் கழித்து அதே கடிதத்தை மறுபடி படித்தபோது, கரையான் விட்டுவைத்த கடைசி வரியில் "தாராவதிக் கலகம்" என்று இருந்தது. சாயா சான் தலைமையில் பர்மிய விவசாயிகள் செய்த கிளர்ச்சி, கீழ்ப்பர்மாவின் தாராவதி மாவட்டத்தில் தொடங்கியது 1930 டிசம்பரில். வயிறு கலங்கிவிட்டது. வருஷம் பிறப்பது சித்திரையில், ஆகவே பிரமோதூத தை என்றால் 1931 ஜனவரி. முன்யோசனையும் இல்லை, ஒன்றும் இல்லை, விலை விழுந்த பிறகு எல்லாரும் செய்ததைத்தான் அவரும் செய்திருக்கிறார். அத்தியாயத்தை முழுசாகத் தூக்கிப் போட்டேன். இப்போது எந்தத் தாளை எடுத்தாலும் மாதத்தைப் பார்க்காமல் ஆங்கில வருஷம் எழுதுவதில்லை. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும் என்பதையும் மறக்காதீர்கள், 1870-ம் பிரமோதூததான்.

புதிதாக எழுதியபோது இன்னொரு பழக்கத்தையும் விட்டேன். 1937 வாக்கில் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி நிலம் செட்டியார்கள் கைக்கு வந்ததும், 1942-ல் ஜப்பான்காரன் வந்ததும் நமக்குத் தெரியும். தை மாதம் பேனாவை எடுத்தவருக்கு அது தெரியாது. அவர் கண்ணுக்கு என்ன தெரிந்தது என்று அந்த மாதக் கணக்கு நகலை, ஐந்தொகையை (சொத்து, கடன் நிலைக் கணக்கு) பக்கத்தில் வைத்துத்தான் இப்போது ஒவ்வொரு வரியும் எழுதுகிறேன்.

போன வாரம் திருத்திய அத்தியாயத்தை நெறியாளர் ஏற்றுக்கொண்டார். ஆச்சியிடம் சொன்னேன். இரண்டாவது பெட்டியின் சாவி தேவகோட்டையில் இருக்கிறதாம், வாங்கி வைக்கிறேன் என்றார்.