கண்ணுக்கு அழகாக, கைக்கு அடக்கமாக ஒரு மாடு

மாடு வாங்கப் போகிறவரிடம் "அழகைப் பார்க்காதே, பாலைப் பார்" என்று சொல்பவர்கள் நிறைய. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று மாடுகளை மட்டுமே வைத்துக்கொள்ளப்போகிற சிறு பண்ணையில் அழகுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கண்ணுக்குப் பிடித்த மாட்டின் அருகே காரணமே இல்லாமல் போய் நிற்போம். அப்படி நிற்கும்போதுதான் அது அசைபோடாமல் இருப்பதும், மூக்கு உலர்ந்து கிடப்பதும், ஒரு பின்னங்காலைத் தூக்கித் தூக்கி வைப்பதும் கண்ணில் படும். மடிநோயைத் தொடக்கத்திலேயே பிடித்துவிட்டால் காம்பு பிழைக்கும். தாமதித்தால் அந்தக் காம்பில் பால் வற்றிப்போகவும் கூடும்.

என் தங்கை மகன் கொஞ்சம் நிலம் வாங்கியிருக்கிறான். "பெரியம்மா, சாதுவாகவும் இருக்க வேண்டும், பார்க்க அழகாகவும் இருக்க வேண்டும். எந்த இனம் வாங்கலாம்?" என்று கேட்டு, கூடவே ஒரு படமும் அனுப்பியிருந்தான். செம்பட்டை முடி கண்ணை மறைக்க, அகன்ற கொம்புகளோடு நிற்கும் ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் மாடு. அழகில் குறையே இல்லை, குணத்திலும் பெரும்பாலும் அமைதியானதுதான். ஆனால் அதன் உடம்பில் இரண்டு அடுக்கு முடி. எண்ணெய்ப் பசையுள்ள நீண்ட மேல்முடி மழையை வடித்துவிடும், உள்ளே இருக்கும் மெத்தென்ற முடி குளிரைத் தடுக்கும். அவன் நிலமோ வெயில் காயும் நிலம். வெயிலில் மூச்சு இளைத்துக்கொண்டு நிற்கும் மாடு தீவனம் எடுக்காது, சினை நிற்காது, எரிச்சலோடு இருக்கும். எந்த இனத்துக்கும் முதல் கேள்வி தட்பவெப்பம்தான். உடம்பு சுகமாக இருக்கும் இடத்தில்தான் சாது மாடும் சாதுவாக இருக்கும்.

வெப்பமான நிலத்துக்கு என்றால் திமில் உள்ள இனங்களைத்தான் நான் சொல்வேன். தளர்ந்து தொங்கும் தோல், கழுத்துக்குக் கீழே தொங்கும் பெரிய அலைதாடி, அதிகமான வியர்வைச் சுரப்பிகள் எல்லாம் வெப்பத்தை வெளியேற்ற உதவுகின்றன. உண்ணித் தொல்லையும் குறைவு. இவற்றில் என் மனம் முதலில் போவது குஜராத்தின் கிர் மாட்டிடம். முன்தள்ளி வளைந்த அகன்ற நெற்றி, பாதி மூடியதுபோல் தோன்றும் கண்கள், செந்நிறத்திலோ புள்ளி புள்ளியாகவோ உடம்பு. காது நீளமாகக் கீழிறங்கி, சுருண்ட இலைபோல மடிந்து, நுனியில் ஒரு சிறு வெட்டுடன் முடியும். அந்தக் காதைப் பார்த்துக்கொண்டே எத்தனை நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். மனிதரோடு பழகுவதிலும் இதற்கு நல்ல பெயர் உண்டு. பிரேசிலுக்குப் போன கிர் மாடுகள் அங்கே பெருகி, ஹோல்ஸ்டீன் என்ற ஐரோப்பியக் கறவை இனத்தோடு கலந்து கிரோலாண்டோ என்ற கறவை இனமே உருவாகியிருக்கிறது.

அடுத்தது சாஹிவால். பஞ்சாபில் தோன்றியது. செம்பழுப்பு நிறம், தளர்ந்த தோல், நிதானமான நடை. சோம்பல் என்றே சிலர் சொல்வார்கள். தனியாளாகப் பால் கறப்பவருக்கு அந்தச் சோம்பல் வரம். பாலும் உள்ளது, பொறுமையும் உள்ளது. "எனக்கு இதுதான் முதல் மாடு" என்று வருபவருக்குக் கிர்ரைவிட சாஹிவாலைத்தான் நான் முதலில் சொல்வேன். அழகு மட்டுமே அளவுகோல் என்றால் கிர் ஜெயிக்கும்.

திமில் உள்ளதெல்லாம் சாது என்று நினைத்துவிடக் கூடாது. கர்நாடகத்தின் அமிர்த்மகால் கம்பீரத்தில் யாருக்கும் சளைத்ததல்ல. போர்ப்படைக்குச் சுமை இழுக்க வளர்க்கப்பட்ட இனம் அது. வேகமும் சூடும் அதன் ரத்தத்தில் இருக்கின்றன. தெரிந்தவர் கையில் அது அற்புதமான மாடு. புதியவரின் தொழுவத்துக்கு வேண்டாம்.

இடம் குறைவாக இருந்தால் குட்டை இனங்களைப் பார்க்கலாம். கேரளத்தின் வெச்சூர் பசு ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் உயரம்தான். எடை சுமார் 130 கிலோ. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் பால், அதற்கேற்ற சிறு தீவனம். 1980களின் இறுதியில் அழிந்தேபோகும் நிலையில் இருந்த இந்த இனத்தைத் தேடிப்பிடித்துக் காப்பாற்றியவர் கால்நடை விஞ்ஞானி சோசம்மா ஐப். அவருக்கு 2022இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவரை நினைக்காமல் என்னால் ஒரு வெச்சூர் பசுவைப் பார்க்க முடிவதில்லை. ஆந்திரத்தின் புங்கனூரும் இதே வகைக் குட்டை இனம்தான்.

குளிர் பிரதேசங்களில் இந்த இடத்தை நிரப்புவது அயர்லாந்தின் டெக்ஸ்டர். பசு 300 முதல் 350 கிலோ இருக்கும். கறுப்பு, சிவப்பு, சாம்பல் கலந்த பழுப்பு என்று மூன்று நிறங்கள். இதில் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும். குட்டைக்கால் டெக்ஸ்டர்களில் எலும்பு வளர்ச்சியைப் பாதிக்கும் ஒரு மரபணு இருக்கிறது. அதைச் சுமக்கும் பசுவையும் அதைச் சுமக்கும் காளையையும் இணைத்தால், நான்கில் ஒரு கரு என்ற கணக்கில் உருக்குலைந்து, நாள் நிறையும் முன்பே இறந்து விழும். மரபணுச் சோதனையில் இதைக் கண்டுபிடித்துவிடலாம். சோதனை முடிவைக் காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

இப்படி இனங்களை அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் இனத்தின் பெயர் ஓர் உத்தேசத்தைத்தான் தரும். சுபாவம் பரம்பரையாக ஓரளவு கடத்தப்படுவது, அதனால் அது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். பிரான்சின் லிமோசின் மாடுகள் ஒரு காலத்தில் மிரட்சிக்குப் பேர்போனவை. அமெரிக்காவில் அவற்றை வளர்ப்பவர்கள் ஒவ்வொரு மாட்டின் அமைதிக்கும் மதிப்பெண் போட்டு, அடங்காதவற்றை இனவிருத்தியிலிருந்து விலக்கிக்கொண்டே வந்தார்கள். சில தலைமுறைகளிலேயே இனத்தின் குணம் மாறியது. ஆகவே கிடாரியை, அதாவது இன்னும் ஈனாத இளம் பசுவை, பார்க்கப் போனால் அதன் தாயைக் காட்டச் சொல்லுங்கள். நாம் அருகே போகும்போது தாய் எழுந்து ஒதுங்குகிறதா, படுத்தபடியே அசைபோடுகிறதா என்று பாருங்கள். இனப்பெயரைவிட அது உங்களுக்கு அதிகம் சொல்லும்.

மாட்டிடம் நேராக, முகத்துக்கு எதிரே போகாதீர்கள். அதன் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் தெரியும். வாலுக்கு நேர் பின்னால் தெரியாது. தோள்பட்டைப் பக்கமாக, மெல்லப் பேசிக்கொண்டே நெருங்குங்கள். எவ்வளவு தூரத்தில் அது தலையைத் தூக்குகிறது, எங்கே ஓர் அடி விலகுகிறது என்பதைக் கவனியுங்கள். நெற்றியில் முடி வட்டமாகச் சுழன்றிருக்கும் சுழி எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். அமெரிக்க விலங்கியல் பேராசிரியர் டெம்பிள் கிராண்டினும் அவருடைய குழுவினரும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், கண்களுக்கு மேலே உயரத்தில் சுழி உள்ள மாடுகள் கட்டுக்குள் நிறுத்தும்போது அதிகம் திமிறியதாகக் கண்டார்கள். இதை மட்டும் வைத்து நான் முடிவு எடுப்பதில்லை, ஆனால் பார்க்காமல் விடுவதும் இல்லை.

என் செவலைப் பசுவை வாங்கியபோது, உரிமையாளரைக் கயிற்றை விட்டுவிட்டுத் தள்ளி நிற்கச் சொன்னேன். முதுகில் உள்ளங்கையை வைத்தேன். ஈ உட்கார்ந்ததுபோல் தோல் ஒருமுறை சிலிர்த்தது. கையை எடுக்காமல் விலா வழியாக மடிவரை இறக்கினேன். உடம்புப் பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றிக்கொண்டது, அசைபோடுவதை நிறுத்திக் காதை என் பக்கம் திருப்பியது. காம்பைத் தொட்டேன். கால் எழவில்லை. சற்று நேரத்தில் அதன் தொண்டையில் ஓர் உருண்டை மேலேறியது தெரிந்தது, தாடை மீண்டும் அசையத் தொடங்கியது. முன்பின் தெரியாத ஒருத்தியின் கை மடியில் இருக்கும்போதே அசைபோடத் தொடங்கிய மாட்டை நான் வேறெப்படி விட்டுவிட்டு வருவது? அன்றே பேசி முடித்துவிட்டேன். ஒரு கவனம்: புதிதாக ஈன்ற பசுவை இப்படிச் சோதிக்காதீர்கள். கன்றைக் காக்க எந்தச் சாதுவும் முட்டும், அது குற்றமல்ல.

அமைதி என்பது நம் வசதிக்கு மட்டும் வேண்டியதில்லை. மடியைக் கழுவித் தடவும்போது மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து, ரத்தம் வழியே மடியை அடைந்து, பாலை இறக்குகிறது. மாடு மிரண்டால் அச்சத்தில் சுரக்கும் அட்ரினலின் குறுக்கே வந்து அதைத் தடுக்கும், மாடு பாலை இறக்காமல் எக்கிக்கொள்ளும். எஞ்சிய பால் மடியில் தங்கினால் மடிநோய்க்கும் வழியாகும். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் 2009இல் வெளியிட்ட ஆய்வில், மாடுகளைப் பெயர் சொல்லி அழைக்கும் பண்ணைகளில் ஒரு கறவைக் காலத்துக்கு 258 லிட்டர் பால் கூடுதலாகக் கிடைத்தது தெரிந்தது. பெயருக்காகவா பால் கூடியது, பெயர் வைக்கும் அளவுக்கு அக்கறை உள்ளவர்கள் என்பதாலா என்று கேட்கலாம். நான் இரண்டாவது கட்சி. என் மாடுகள் எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு.

கொம்பு பற்றியும் கேட்பார்கள். சின்னப் பிள்ளைகள் நடமாடும் இடமானால் கொம்பில்லாத மோழை மாட்டை யோசியுங்கள். முட்டும் எண்ணமே இல்லாத பசுகூட ஈயை விரட்டத் தலையை வீசும்போது நம் கண்ணில் பட்டுவிடலாம். இடுப்பைச் சுற்றி வெள்ளைப் பட்டை ஓடும் பெல்டட் கேலோவே, செந்நிற ரெட் போல் போன்றவை பிறவியிலேயே கொம்பில்லாதவை. கொம்பில்லாத தன்மை ஓங்கு பண்பு என்பதால், தாய் தந்தையில் ஒருவரிடமிருந்து அந்த மரபணு வந்தாலே கன்றுக்குக் கொம்பு முளைக்காது.

சாதுவான இனம் என்றதும் காளையும் சாது என்று நம்பிவிடாதீர்கள். ஜெர்சி இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. மான் கண்ணும் கருமூக்குமாக நிற்கும் ஜெர்சிப் பசு குழந்தை கையிலிருந்தும் தீவனம் தின்னும். அதே இனத்தின் காளை மனிதரைத் தாக்குவதில் பெயரெடுத்தது. தாயில்லாமல், கூட்டமில்லாமல், புட்டிப்பால் கொடுத்துத் தனியே வளர்க்கும் காளைக்கன்று இன்னும் ஆபத்தானது. அது நம்மைத் தன் கூட்டத்தில் ஒருவராகவே எண்ணி வளர்கிறது, வளர்ந்தபின் போட்டிக்கும் நம்மையே அழைக்கிறது. அதன் நெற்றியைத் தள்ளி விளையாடப் பிள்ளைகளை விடாதீர்கள். சிறு பண்ணைக்குக் காளையே தேவையில்லை. பசு ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். அறிகுறி கண்டதும் செயற்கைமுறைக் கருவூட்டலுக்கு ஆளை அழைத்துவிடலாம். அப்போதும் பால் அளவை மட்டும் கேட்டு மாட்டுக்கு ஊசி போட்டுவிடாதீர்கள். எந்தக் காளையின் விந்தோ அந்தக் காளையின் மகள்கள் கறவையில் எப்படி நிற்கிறார்கள் என்று கேளுங்கள்.