ங் காட்டிக்கொடுத்தது

அக்கா பையன் வாட்ஸப்பில் இந்த ரகசியச் செய்தியை அனுப்பி, "மாமா, முடிஞ்சா உடைங்க" என்றான்.

லைக்கசுங் நாறுகக்ட ஆகுரைண்கு மாணிற்வாவா ளைமடகுல்

எண்ணிப் பார்த்தால் 25 எழுத்து. கு மூன்று தடவை, க, வா, ட இரண்டிரண்டு, புள்ளி வைத்தவை ஆறு, அதாவது சாதாரணத் தமிழில் வரும் எழுத்துகள் அப்படியே கிடக்கின்றன. எழுத்துக்குப் பதில் வேறு எழுத்து போட்டிருந்தால் இப்படி இருக்காது, ஆக இடத்தைத்தான் மாற்றியிருக்கிறான். இந்த முறையின் முதல் ஓட்டை இது, சாவி, அதாவது இடம் மாற்றும் வரிசை, எதுவானாலும் எழுத்துகளின் எண்ணிக்கை மாறாது.

சரி, ஐந்துக்கு ஐந்து கட்டம் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டையும் மேலிருந்து கீழாக ஒரு பத்தியாக நோட்டில் எழுதினேன். பத்திகளைச் சரியான வரிசையில் வைத்தால் செய்தியை இடமிருந்து வலமாகப் படிக்கலாம், ஆனால் 120 விதமாக அடுக்கலாம், எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. லை பத்தியின் கடைசியில் ங் நின்றது. எங்ஙனம் மாதிரி ஓரிரண்டை விட்டால் ங்-க்குப் பின்னால் க வரிசை எழுத்துதான் வரும், செய்தியும் ங்-இல் முடியாது. கடைசி வரியில் அப்படி இருந்தது ஆ பத்தியின் கு மட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்ததும் மேலே க்கு, கரை, சுண் என்று தானாகவே விழுந்தன. இடது பக்கம் மா பத்தியைச் சேர்த்தேன், வாங்கு! ணிக்கு, ற்கரை, மாலை எல்லாமே வந்துவிட்டன. ண்-க்கு அடுத்து ட வேண்டும், அது அடுத்த வரியில் நா பத்தியில் இருந்ததால் அதுதான் முதல் பத்தி. மீதி ஒன்றுக்கு யோசிக்கவே வேண்டியதில்லை.

நாளை மாலை ஆறு மணிக்கு கடற்கரைக்கு வா சுண்டல் வாங்கு. (மணிக்குக் கடற்கரை என்று வல்லினம் மிகவேண்டும் என்பதைத் தனியாகச் சொன்னேன், திட்டினான்.)

அப்புறம் அவனே எங்கோ படித்துவிட்டு, கலைத்ததை இன்னொரு தடவை கலைத்து அனுப்பினான். முதல் உலகப் போரில் ஜெர்மானியர் செய்ததும் இதைத்தான், பிரெஞ்சுக்காரர்கள் 1914-லேயே உடைத்துவிட்டார்கள். ஒரே சாவியில் ஒரே நீளத்தில் இரண்டு மூன்று செய்திகள் சிக்கினால் போதும், ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதி எல்லாவற்றையும் சேர்த்தே நகர்த்தலாம், ஒன்றில் சொல் உருவாகும்போது மற்றதிலும் உருவாகவேண்டும். என் கையில் இருப்பதோ ஒன்றே ஒன்று, மூன்று நாளாக நோட்டும் கையுமாக இருக்கிறேன், அதே நீளத்தில் இன்னொன்று அனுப்பச்சொல்லி அவனிடம் நைசாகக் கேட்டுப் பார்த்தேன், "அதெல்லாம் நடக்காது மாமா" என்கிறான்.